ஆளுக்கொரு வைத்தியம்

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. வீட்டில்தான் வைத்துப் பார்க்கிறோம். வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: டாக்டராக வருடக்கணக்கில் படிக்க வேண்டும், சொந்தக்காரராக ஒரு கிலோ ஆரஞ்சு போதும்! அந்த இலை மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. மருந்தோடு மோதவும் கூடும். எதைக் கொடுப்பதானாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

கீமோ கொடுத்து சுமார் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது தொற்று எளிதில் பற்றும் என்பதால், இருமலோடு வரும் பாசத்தை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியலுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பாடு சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை.

வலி மிகுந்தால், தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை 1990களிலிருந்து வீட்டுக்கே தாதியரை அனுப்பி வருகிறது, கேட்டுப் பாருங்கள்.

சொந்தக்காரர்களையும் வீணாக்காதீர்கள். ஒருவருக்குச் சௌராஸ்தா மார்க்கெட், ஒருவருக்குத் துணி துவைப்பு, ஒருவருக்கு ராத்திரிக் காவல். வேலை கொடுத்துப் பாருங்கள், வைத்தியம் சொல்ல ஆளே இருக்காது!