ரெண்டு கம்பி எங்கே?

கடையநல்லூரில் பாஸ் கிட்டார் வைத்திருப்பவனுக்கு முதல் வேலை வாசிப்பது அல்ல, மீதி ரெண்டு கம்பிக்குக் கணக்குச் சொல்வது. கிட்டார் என்றால் ஆறு கம்பி என்று சினிமா பார்த்த எல்லாருக்கும் தெரியும். நாலுதான் இருக்கிறது என்றால் ரெண்டு அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடைக்காரர் அமுக்கியிருக்க வேண்டும். “விலையில கழிச்சானா?” என்று பெரியப்பா கேட்டார். இளையராஜா பாட்டுக்கு அடியில் கனமாக ஒரு சத்தம் தன் போக்கில் நடந்துபோகுமே, சசிதரன் வாசித்தது, ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்தது, அதுதான் இது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அந்த ரெண்டு கம்பி?” என்றார்.

என் கவலை கம்பி இல்லை, கை. எண்சாண் உடம்பு என்பார்கள். அவரவர் கையால் அளந்தால் எல்லாருக்கும் எட்டு வரவேண்டும். எனக்கு ஒன்பதரை வருகிறது. கல்யாணப் பந்தியில் நான் சோறு அள்ளுவதைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரர், “தம்பிக்கு உடம்புக்கு முடியலையோ?” என்று விசாரிப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் ஒரே குரலில் சொன்னது, “கழுத்து ஒல்லியா பாரு.” லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரெசிஷன் பாஸின் கழுத்து, கம்பிகள் தொடங்கும் இடத்தில் சுமார் 44 மில்லிமீட்டர் அகலம். 1960இல் வந்த ஜாஸ் பாஸில் அது 38. அன்றிலிருந்து சின்னக் கைக்காரர்களுக்கெல்லாம் ஜாஸ் பாஸைக் கைகாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் பிடித்துப் பார்க்காமல் கழுத்தை வாங்க முடியுமா? எங்கள் ஊரில் பாதித் தெருவுக்கு சிங்கப்பூரில் ஆள் உண்டு. அங்கே 1941லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூடப் படித்தவன் ஒருவனைப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு அனுப்பினேன். கிட்டார் கடைகளுக்குப் பேர்போன இடம். வீடியோ காலில் ஒவ்வொரு கழுத்தாகப் பிடித்துக் காட்டினான். “லேய், சூப்பரா இருக்குலே! கைக்குள்ள அப்படியே அடங்குது!” அவன் கபடியில் ரைடு வருகிறவனின் தொடையை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துகிறவன். அவன் கைக்குள் அடங்காதது அந்தக் கடையில் பியானோ ஒன்றுதான்.

கடைசியில் ஸ்கேலை எடுத்து நானே கணக்குப் போட்டேன். அப்போதுதான் இந்த ஒல்லிக் கழுத்து உபதேசத்தின் ஓட்டை தெரிந்தது. கழுத்து மெலிந்தால் குறைவது அகலம். என் விரல் தவிப்பதோ நீளவாக்கில். பிரெசிஷனோ ஜாஸோ, கம்பியின் ஓடுநீளம் 34 அங்குலம்தான். கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் முதலாவதிலிருந்து நாலாவதுக்கு 13 சென்டிமீட்டர். கழுத்தை எவ்வளவு இழைத்தாலும் அந்த 13 அப்படியே இருக்கும். ஓடுநீளம் 30 அங்குலமான குட்டை பாஸில் அதுவே பதினொன்றரைக்குள் வந்துவிடுகிறது. சுண்டுவிரலுக்கு உயிர் வருவது இந்த ஒன்றரை சென்டிமீட்டரில்தான். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பாஸும் குட்டைதான். அவர் அதை எடுத்தது கைக்காக அல்ல. விலை மலிவு, தவிர ரெண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடதுகைக்காரர் மாட்டினாலும் கோணலாகத் தெரியாது.

சின்னக் கை என்பதே சாக்கு என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. பாஸில் பேரெடுத்த கேரல் கேயைப் பார், மும்பை மோகினி டேயைப் பார் என்பார்கள். பார்த்தேன், அவர்கள் சாதகம் செய்து தேறியவர்கள். நான் கேட்டது வாங்கினால் தீரும் வழியை. இருந்தாலும் பெரிய டபுள் பாஸ்காரர்களின் ஒரு தந்திரத்தைக் கடன் வாங்கினேன். சிமாண்டில் முறை என்று பெயர். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்தே அழுத்துவது, கட்டைக்கு ஒரு விரல் என்று விறைக்காமல் கையையே நகர்த்துவது.

இப்படியாக ஒரு குட்டை பாஸ் வீட்டுக்கு வந்தது. கொடுத்தது திருநெல்வேலிப் பக்கத்து லைட் மியூசிக் குழு ஒன்று. கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பாஸையும் வாசித்துவிடுகிறார், ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று விற்றுவிட்டார்கள்.

வெளியிலிருந்து முதலில் வந்து பார்த்தவர் பக்கத்துத் தெரு தறிக்கார மாமா. பெரியப்பாவைப் போல எண்ணவில்லை, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். விட்டார். இன்னொரு தரம் அமுக்கினார். “மாப்ளே, பாவு தொய்வா இருக்கே. இந்த இழுப்புல துணி நிக்காதே!” என்றார். வாஸ்தவம். அதே கம்பியை அதே சுதிக்குக் குட்டையில் கட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நாள் முழுக்கப் பாவைத் தடவிய விரல் அதைத் தொட்டதும் கண்டுபிடித்துவிட்டது. மறுவாரமே இன்னும் தடித்த கம்பி வாங்கி மாட்டினேன்.

பிறகு குற்றாலச் சாரல் வந்தது. காற்றில் ஈரம் ஏறினால் ஊரே குளித்துக் குளிர்ந்து கிடக்கும். மரக்கழுத்து மட்டும் வளையும். அதை நிமிர்த்தவென்றே உள்ளுக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. சாவி போட்டுக் கால் சுற்று திருகிக்கொண்டிருந்தபோது பெரியப்பா எட்டிப் பார்த்தார். சொன்னேன். “அப்போ அஞ்சாச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி” என்று நிம்மதியாகப் போனார்.

கோயில் கொடையில் முதல் மேடை கிடைத்தது. விரல் எல்லாக் கட்டைக்கும் எட்டியது. ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் தெரு நெடுகக் கட்டியிருந்தவை கூம்புக் குழாய் ஸ்பீக்கர்கள். பாஸின் அடிக்கம்பி நொடிக்கு 41 தரம் அதிரும். அந்தக் குழாய்க்கு அதெல்லாம் காதிலேயே விழாது. பாட்டு, தாளம், அறிவிப்பாளரின் இருமல் எல்லாம் ஊர் எல்லைவரை கேட்டது, என்னைத் தவிர.

கச்சேரி முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஆச்சி எழுந்து வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

“நல்லா நின்னே, ஐயா.”