‘அப்படியே பைசாவும்’: இத்தாலிப் பயணப்பட்டியல் குறித்து ஓர் ஆய்வு

இத்தாலிக்குச் சுற்றுலா போவது வேறு, போகத் திட்டம் போடுவது வேறு. முன்னதைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. பின்னதை அறிவுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலப்பிரதி, நாலாக மடித்த ஒரு ஏ4 தாள். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் ஊர். மிலான், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று நீல மையில் ஐந்து பெயர்கள். ஃப்ளாரன்ஸுக்கும் ரோமுக்கும் இடையே, இடமில்லாத இடத்தில், பென்சிலில் பைசா. ரோமின் மேல் காபி டம்ளர் வைத்த வட்டம். தலைப்பில் ‘10 நாள்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறது. இந்தத் தாள் யாருடையது என்பது பற்றி ஆய்வாளர் வாய் திறக்க மறுக்கிறார். கையெழுத்து அவருடையது போலவே இருக்கிறது என்று வீட்டில் மட்டும் ஒரு கருத்து நிலவுகிறது.

முதலில் அந்த 10-ஐ எடுத்துக்கொள்வோம். தமிழில் எண்ணுவது பற்றிய ஆகச் சிறந்த ஆராய்ச்சி ‘பரமார்த்த குருவின் கதை’. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி, எல்லோரும் வந்தாயிற்றா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் எப்போதும் ஓர் ஆள் குறைகிறது. பயணப்பட்டியல் போடுகிறவர்களின் கோளாறு இதற்கு நேர் எதிரானது. இவர்கள் இல்லாத நாள்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். விமானம் இறங்கும் நாள் ஒன்று, ஏறும் நாள் ஒன்று, இரண்டும் கணக்கில் முழுசாக நிற்கின்றன. 10-இல் அவற்றைக் கழித்தால் 8. ஐந்து ஊர் என்றால் நாலு முறை இடம் மாற வேண்டும். முறைக்கு அரை நாள் என்று வைத்தாலும் 2 போய் மிச்சம் 6. பைசாவுக்கு அரை நாள் போனால் ஐந்தரை. பத்து நாள் என்று அலுவலகத்தில் சொல்லி விடுப்பு வாங்கியவருக்குக் கையில் தேறுவது இவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷெங்கன் விசா விதிப்படி, நுழையும் நாளும் வெளியேறும் நாளும் தங்கிய நாள்களாகவே கொள்ளப்படும். ஆக, அரசாங்கத்தின் கணக்கில் அவர் 10 நாள் இருந்தார். இத்தாலி அவர் கண்ணில் பட்டது ஐந்தரை நாள்தான்.

பரமார்த்த குருவின் கதையை எழுதியவர் ஓர் இத்தாலியர் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அவரிடம் பிறகு வருவோம்.

முன்னோர் என்ன செய்தார்கள்? தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் 1608-இல் கிளம்பி, வழியில் கணிசமாக நடந்தும் வெனிஸுக்குப் போனார். ஐந்து மாதப் பயணத்தில் வெனிஸுக்கு மட்டும் ஆறு வாரம் ஒதுக்கினார். இத்தாலியர்கள் முள்கரண்டியால் சாப்பிடுவதைக் கண்டு வியந்து அதைப் புத்தகத்திலும் எழுதினார். ஆசாமிக்கு நடை அலுக்கவில்லை போலும். பிற்பாடு இந்தியா வரை வந்து 1617-இல் சூரத்தில் காலமானார். பிரபுக்களின் பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் சுற்றிய ‘கிராண்ட் டூர்’ காலமும் உண்டு. அவர்களுக்கு 10 நாள் என்பது ஆல்ப்ஸ் மலையில் குளிர் விடக் காத்திருக்கும் நேரம்.

இன்றைய பயணியின் உண்மையான குலமுதல்வர் கதே. 1786 செப்டம்பர் 3 அன்று விடியற்காலை 3 மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், பொய்ப்பெயரில் வண்டியேறிய அந்த ஜெர்மானிய மகாகவி, ஃப்ளாரன்ஸில் செலவிட்டது ஏறத்தாழ மூன்று மணி நேரம். ரோமைப் பார்க்கும் அவசரம் அவருக்கு. ‘ஃப்ளாரன்ஸுக்கு ஒரு நாள் போதுமா?’ என்று கையைப் பிசைகிறவர்கள் அவரை மேற்கோள் காட்டித் தப்பிக்கலாம். ஆனால் அதே கதே ரோமில் இரண்டு தவணையாக ஒரு வருடத்துக்கு மேல் தங்கினார் என்பதை அப்போது சொல்லாமல் விடுவது நல்லது. ஃப்ளாரன்ஸில் நிதானமாக உலாத்துவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1817-இல் அங்கே சாந்தா குரோச்சே தேவாலயத்தைவிட்டு வெளியே வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெண்டால், நெஞ்சு படபடத்து விழுந்துவிடுவோமோ என்று பயந்ததாக எழுதினார். கலையைக் கண்டு தலைசுற்றி மருத்துவமனைக்கு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் கிராசியெல்லா மாகெரினி, அந்தக் கோளாறுக்கு ஸ்டெண்டாலின் பெயரையே வைத்தார். மூன்று மணி நேரத்தில் ஊரைக் கடந்த கதேக்கு அப்படி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

ஐந்து ஊர் எப்படி ஆறாகிறது? இங்கேதான் இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. பட்டியலை வீங்க வைப்பவை மூன்று சொற்கள்: ‘பக்கத்துலதானே’, ‘அப்படியே’, ‘வந்ததுதான் வந்தோம்’. முதலாவது வரைபடத்தில் விரலை வைத்துச் சொல்லப்படுவது. இரண்டாவது, விரலை நகர்த்தியபடி. மூன்றாவது விவாதத்தையே முடித்துவைக்கும். அதற்குப் பதில் எந்த மொழியிலும் இல்லை.

பைசா இதற்குத் தக்க சான்று. ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது 1173-இல். மூன்றாம் நிலை எழும்போதே மண் இளகிச் சாயத் தொடங்கியது. 1990-இல் பார்வையாளர்களை நிறுத்திவிட்டு, பொறியாளர்கள் பதினோரு வருடம் மல்லாடினார்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் அடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிமிர்த்தி, 2001 டிசம்பரில் திறந்தார்கள். முழுக்க நிமிர்த்திவிடக் கூடாது என்பதில் அத்தனை பேரும் கண்ணாக இருந்ததுதான் இதில் ரசிக்க வேண்டியது. நேராக நிற்கும் பைசாவுக்கு எவன் ‘அப்படியே’ வருவான்? இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய கோபுரத்தின் முன் பயணி புல்வெளியில் நின்று, காற்றில் இரு கையையும் ஊன்றி, அதைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்.

‘அப்படியே’ வருகிறவர்கள் மேல் கட்டணம் போட்ட ஊர் வெனிஸ். 2024 ஏப்ரல் 25 முதல், அறிவிக்கப்பட்ட நாள்களில், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் தலைக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள்; முதல் ஆண்டில் அது 5 யூரோ. இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு. ஓர் இடைச்சொல்லுக்கு வரி விதித்த நகராட்சி உலகில் வேறு இருப்பதாக ஆய்வாளருக்குத் தெரியாது.

அடுத்தது வரிசை. ஐந்து ஊர்களை 120 விதமாக அடுக்கலாம். பைசாவைச் சேர்த்தால் 720. கணிதம் இப்படி மிரட்டினாலும் நில அமைப்பு இரக்கம் காட்டுகிறது. இத்தாலி ஒரு நீண்ட பூட்ஸ். ஒன்று முழங்காலிலிருந்து பாதத்துக்கு இறங்கலாம், அல்லது பாதத்திலிருந்து ஏறலாம். மிலானில் இறங்கி ரோமிலோ நேப்பிள்ஸிலோ விமானம் ஏறுவதே முறை. போகவர மிலானுக்கே மலிவாக டிக்கெட் கிடைத்தது என்று வாங்கியவர், கடைசியில் நேப்பிள்ஸிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, பார்த்த ஊர்களில் ரோமையும் ஃப்ளாரன்ஸையும் ஜன்னல் வழியே தலைகீழ் வரிசையில் மறுபடி பார்க்கிறார்.

வரிசை சரியாக வந்தாலும் கிழமை வழிமறிக்கும். ஃப்ளாரன்ஸில் உஃபிஸி கலைக்கூடமும், தாவீது சிலை நிற்கும் அகாதெமியாவும் திங்கள்கிழமை மூடல். ரோமில் போர்கீசேக் கலைக்கூடமும் அப்படியே. சரி, திங்களை ரோமுக்குக் கொடுத்து கொலோசியம் பார்க்கலாம் என்றால், ஞாயிறும் அங்கேயே விழுந்துவிடுகிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள். அன்று இலவசம் என்பதால் வரிசையைப் பார்த்தே மனம் விட்டுப்போகும். நேப்பிள்ஸின் தொல்லியல் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. பொம்பெயியோ செவ்வாயன்றும் திறந்திருக்கும். இதனால் என்ன ஆகிறது? செவ்வாயன்று போகிறவர் பொம்பெயியில் ஃபானின் வீட்டுத் தரையில் அலெக்சாண்டரின் போர்க் காட்சியைக் கண்டு மெய்சிலிர்க்கிறார். அது நகல். அசல் நேப்பிள்ஸில் பூட்டிய கதவுக்குள். 10 நாள் பயணத்தில் ஒரு திங்களும் ஒரு செவ்வாயும் ஒரு ஞாயிறும் வராமல் போகாது என்பதை ஆய்வாளர் விரல்விட்டு எண்ணியே நிறுவியிருக்கிறார்.

மிலானின் ‘கடைசி இராவுணவு’ தனி வகை. டாவின்சி 1495 வாக்கில் தொடங்கி மூன்று ஆண்டுபோல் வரைந்த சுவரோவியம். சிறு குழுவாக உள்ளே விட்டு, சரியாக 15 நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுமதிச் சீட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே முந்த வேண்டும். கிடைத்த சீட்டில் என்ன தேதியோ அதுவே பயணத்தின் முகூர்த்தம். விமானம், விடுதி, ரயில், வீட்டாரின் விடுப்பு எல்லாம் அந்த 15 நிமிடத்தைச் சுற்றித்தான் அமைகின்றன.

‘ஃப்ளாரன்ஸிலிருந்து ரோமுக்கு ரயில் ஒன்றரை மணி நேரம்தானே, அரை நாள் எங்கே போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விடுதி அறையைக் காலையில் காலி செய்ய வேண்டும்; புதிய ஊரில் அறைச் சாவி பிற்பகலில்தான் கைக்கு வரும். நடுவே பெட்டிகளோடு மனிதன் அநாதை. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் மிச்சப்படுத்தும் நேரத்தை, பெட்டி தன் சின்னஞ்சிறு சக்கரங்களால் தின்றுவிடுகிறது. வெனிஸில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சாந்தா லூசியா நிலையத்தின் படிகளில் இறங்கியதும் எதிரே கால்வாய்; சாலை இல்லை, கார் இல்லை. நானூற்றுச் சொச்சம் பாலங்கள் உள்ள ஊரில் பாலம் என்றால் பெரும்பாலும் படிக்கட்டு. கடகடவென்று உருண்டு வந்த பெட்டி முதல் படியில் முட்டி நிற்கும். இழுத்து வந்தவர் அதை இரு கையாலும் தூக்குவார், உச்சியில் மூச்சு வாங்குவார், அந்தப் பக்கம் படிப்படியாகத் தட்டித் தட்டி இறக்குவார். நூறடி தள்ளி அடுத்த பாலம். மூன்றாவது பாலத்தில், இரண்டாவது ஜோடி ஷூ எதற்கு என்ற கேள்வி குடும்பத்துக்குள் எழும். முன்யோசனையாக மெஸ்த்ரேயில் மலிவான அறை எடுத்தவருக்குப் பாலமும் இல்லை, கால்வாயும் இல்லை; அது கரையில் இருக்கும் வேறு வெனிஸ்.

வேலைநிறுத்தத்தையும் இத்தாலியர் அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தத் தேதியில் எந்தப் போக்குவரத்து நிற்கும் என்று அமைச்சகமே முன்கூட்டிப் பட்டியல் வெளியிடுகிறது. வேலை நாளில் வேலைநிறுத்தம் வந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. எந்த ரயில் ஓடாது என்பது இத்தனை ஒழுங்காகத் தெரிவது, ஓடும் வட்டார ரயிலின் காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தாவிட்டால் அபராதம் என்பதைத் தெரியாமல் நிற்கும் பயணிக்கு ஓர் ஆறுதல்.

இனி, அந்தக் கதாசிரியர். பரமார்த்த குருவைப் படைத்த வீரமாமுனிவர் என்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680-இல் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூரில் பிறந்தவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவரின் ஊர் மூலப்பிரதியில் இல்லை. சரிபார்ப்பதற்காக ஆய்வாளர் வரைபடத்தை விரித்தார். மிலானிலிருந்து வெனிஸுக்குப் போகும் ரயில் பாதையில் கார்தா ஏரியோரம் தெசென்சானோ என்று ஒரு நிலையம். அங்கிருந்து ஊர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். 1859-இல் சோல்ஃபெரினோப் போரில் காயம்பட்டவர்களை ஆன்ரி துனான் கவனித்துக்கொண்டதும் அதே ஊரில். செஞ்சிலுவைச் சங்கம் பிறக்க அதுவே காரணம், அதற்கு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. எல்லாம் போகிற வழிதான். பக்கத்துலதானே.

மூலப்பிரதியில் மிலானுக்கும் வெனிஸுக்கும் இடையே இப்போது பென்சிலில் ஏழாவதாக ஒரு பெயர் இருக்கிறது. மேலே இருந்த ‘10 நாள்’ அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது அடிக்கோடு மட்டும் புதிது.