நிழலுள்ளோர் கனிவான கவனத்திற்கு

பங்குனி பிறந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்துக்கு இரண்டு தவறாமல் வந்து சேரும். ஒன்று வெயில். மற்றொன்று, வெயிலில் வெளியே வராதீர்கள் என்ற அறிவிப்பு. வெயிலாவது பொழுது சாய்ந்தால் கொஞ்சம் தணியும். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். மெல்லிய பருத்தி ஆடை அணியுங்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். உச்சிவேளையில் அடுப்பு மூட்டாதீர்கள். ஆடுமாடுகளை நிழலில் கட்டுங்கள். ஒரு வரியிலும் பிழை கிடையாது. மருத்துவர் யாரைக் கேட்டாலும் சரி என்பார். எங்களுக்குள்ளது ஒரே ஒரு சந்தேகம்தான்: இதை யாருக்கு எழுதுகிறீர்கள்?

வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறீர்கள். இருக்கிறோம். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்ப் பக்கத்துத் தெருக்களில் வீடும் பாதி வேலைத்தலம்தான். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவது, தீப்பெட்டி ஒட்டுவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் நடக்கிற வேலை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீழே பசைச் சட்டி, வெட்டிய தாள்கட்டு, உருட்டுகிற கம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த ஒரு சாக்கு. மூலையில் டேபிள் ஃபேன் இருக்கிறது, அணைந்தபடி. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு ஓர் அக்கா தலை நிமிராமல் சொன்னார்: “காத்தாடியப் போட்டா தாளு பறக்குது அண்ணாச்சி. நிறுத்துனா உசுரு பறக்குது. தாளுக்குத்தான கூலி, உசுருக்கு எவன் குடுக்கான்?”

வெப்பத்தைச் சமாளிப்பது எப்படி என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இந்த மூன்று வாக்கியத்தைப் பலகையில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்கலாம்.

சரி, வீடு வேண்டாம், பட்டாசு ஆலைக்குப் போவோம். வெடிமருந்து அறையில் மின்விசிறி கிடையாது, மின்சாரமே கிடையாது. ஒரு பொறி போதும் என்பதால் அது நியாயமான விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்விசிறியைத் தடுத்த கை, அதற்குப் பதிலாக என்ன கொடுத்தது? ஒரு கதவு, அதற்கு எதிரே இன்னொரு கதவு. வெடித்தால் தப்பி ஓட. நடுவில் காற்று வந்தால் அது அவரவர் அதிர்ஷ்டம். அலுமினியத் தூள் புழங்குகிற அறையில் மதியத்துக்குள் முகம், கழுத்து, முழங்கை எல்லாம் வெள்ளி முலாம் பூசினாற்போல் ஆகிவிடும். அதன்மேல் வியர்வை வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்கும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி என்கிறீர்கள்; தாகம் எடுத்தாலும் குடிக்காமல் அடக்குகிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தில் எத்தனை உருப்படி குறையும் என்று அவர்கள் கணக்குப் போட்டாயிற்று.

“வெயில் நேரத்தில் மர நிழலில் ஒதுங்குங்கள்” என்றும் ஒரு வரி உண்டு. எங்கள் ஊரில் அதைச் செய்தால் வழக்குப் பாயும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் குறிக்கிற விதிமீறல்களில் தவறாமல் இடம்பெறுவது, மரத்தடியில் வைத்துப் பட்டாசு தயாரித்தது. அதுவும் சரியான விதிதான். மரத்தடியில் மருந்தைக் கையாண்டால் ஆபத்து. ஆனால் அறைக்குள் சூடு தாங்காத மனுஷி வேப்பமர நிழலுக்கு வருவதை அரசாங்கத்தின் ஒரு கை ஆலோசனையாகவும் இன்னொரு கை குற்றமாகவும் எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் குளிர்ச்சியான அறை கட்டலாமே என்று எழுத மூன்றாவது கை இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 13-வது பிரிவில், வேலை செய்கிற அறையில் தொழிலாளிக்கு நியாயமான சௌகரியம் தருகிற வெப்பநிலை இருக்க வேண்டும் என்றது. சுவரும் கூரையும் அதற்கேற்பக் கட்டப்பட வேண்டும் என்றும் சொன்னது. நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். சிரித்ததில் வியர்த்ததுதான் மிச்சம்.

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாட்டின் வரலாற்றிலேயே முதல் முறை. சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். ரயிலை மெதுவாக ஓட்டினார்கள். லண்டனில் ஹாமர்ஸ்மித் பாலத்தின் இரும்புப் பாகங்கள் சூடேறி விரியாமல் இருக்க வெள்ளித்தாள் சுற்றினார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அன்றைக்குத் தீபாவளி. “நாப்பதுக்கே இந்த ஆட்டமா? எங்க ஊருக்கு வந்து பாருங்கடா!” வெள்ளைக்காரனை வெயிலில் ஜெயித்துவிட்ட பூரிப்பு.

அந்தக் கோடையின் வெப்ப நாட்களில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 3,000 பேர் கூடுதலாக இறந்ததாக அவர்களே கணக்கெடுத்து வெளியிட்டார்கள். குளிருக்காகக் கட்டிய வீடுகளில் வெந்து செத்த கிழவர்களைக்கூட ஓர் அரசாங்கம் எண்ணியது. நம்மிடம் அந்தக் கணக்கு எங்கே? சாலை போடுகிற இடத்தில் மயங்கி விழுந்தவர் மாரடைப்பில் போனார். சூளையில் சரிந்தவர் ஏற்கெனவே சீக்காளி. பேருந்து நிலையத்தில் கிடந்த பெரியவர் அடையாளம் தெரியாத முதியவர். வெயிலால் யாரும் சாகவில்லை, ஏனென்றால் நமக்கு வெயில் பழக்கம். அங்கே பாலத்துக்கு வெள்ளித்தாள் சுற்றினார்கள். இங்கே மனுஷனுக்கே வெள்ளி பூசிவைத்திருக்கிறோம், கூடுதலாக என்ன வேண்டும்?

வானிலை ஆய்வு மையமும் எங்களை ஏமாற்றுவதில்லை. அதன் இலக்கணம்தான் எங்களை ஒதுக்குகிறது. சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல, வெப்பம் 40 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். இல்லையேல் நேராக 45-ஐத் தொட வேண்டும். இயல்பே 38, 39 என்று கொதிக்கிற ஊர் என்ன செய்யும்? 42-லும் அங்கே வெப்ப அலை வராது, வெறும் வெயில்தான். பிறவியிலேயே ஏழையாக இருப்பவனுக்குத் திடீர் வறுமைக்கான நிவாரணம் கிடைக்காத அதே நியாயம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம், கைதட்டுவோம். ஆனால் வெப்ப அலையால்தான் செத்தார் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். ஆகவே எங்கள் மக்களுக்கு என் பங்குக்கும் ஓர் ஆலோசனை: செத்தாலும் அறிக்கைக்குள் அடங்கும்படி சாகுங்கள்.

கட்சிக்காரர்களைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். சித்திரையில் முக்குக்கு முக்கு நீர்மோர்ப் பந்தல். பேனரில் தலைவர், தலைவரின் வாரிசு, வட்டம், மாவட்டம் என்று இருபது முகம். பானையில் இருபது குவளை மோர். திறந்துவைத்த அன்று தர்ப்பூசணிக் கீற்று, வெள்ளரிப் பிஞ்சு, புகைப்படம். மறுநாள் பானை இருக்கும், மோர் இருக்காது. அதற்கடுத்த நாள் பானையும் போய்விடும். பேனர் மட்டும் ஆடி மாதம்வரை தாங்கும். அந்த நிழலில் ஒரு நாய் படுத்திருக்கும். பந்தலால் பயனடைந்த பொதுமக்களில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி சிரிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன். 2024 மே 9, கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள். சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் ஆலை வெடித்து அன்றைக்கே 8 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 40-ஐ ஒட்டிய உயிர்கள், அதில் காப்பாற்ற ஓடி வந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் செய்தியின் முதல் வரியில் ஒரே குற்றவாளி: உராய்வு. கோடையாக இருந்தால் கூட்டாளியாக வெயில். இந்த இருவருக்கும் சம்மன் அனுப்ப முடியாது, ஜாமீன் கேட்கவும் மாட்டார்கள். போர்மேன் கைதாவார். உரிமம் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும். உள்குத்தகைக்கு எடுத்தவர் யார், குத்தகைக்கு விட்டவர் யார், 4 பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதெல்லாம் வெயில் தணிந்ததும் தணிந்துவிடும்.

சூடு ஏறுவதற்குள் மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் உச்சிவேளையில் மருந்து செலுத்துகிற கை ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது? படிப்பறிவு இல்லாமலா? விழிப்புணர்வுப் பேரணி போதாமலா? கூலி உருப்படிக் கணக்கு. குத்தகைக்காரனுக்கு நாள் கணக்கு. 11 மணிக்கு நிறுத்தினால் 11 மணிவரைக்குமான கூலி. மீதிப் பகலை யார் தருவது என்று எந்த அறிவிப்பிலும் ஒரு வரி இல்லை. காசு செலவாகாத வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து அறிவிப்பு ஆக்கியிருக்கிறீர்கள்.

முடியாத காரியமா இது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருக வேண்டும். அதற்காகத் தொழிலை இழக்கிற மீனவக் குடும்பத்துக்கு இந்த மாநில அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது அவர்களுக்குப் போதாது என்பது வேறு விஷயம். ஆனால் தத்துவம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது: தொழிலை நிறுத்தச் சொல்கிறவன் கூலியில் பங்கு தர வேண்டும். மீன் முட்டையிட உண்டான நியாயம், மனுஷி உயிரோடிருக்க ஏன் இல்லை? கத்திரிக் காலத்தில் மருந்து அறைகளை மதியம் மூடுங்கள். மூடுகிற நேரத்துக்கான கூலியை ஆலை முதலாளியும் நல வாரியமும் பகிர்ந்து கொடுக்கட்டும். செத்த பிறகு 4 லட்சம் எடுத்துத் தரத் தெரிந்த கஜானாவுக்கு, சாகாமல் இருக்க மூன்று மணி நேரக் கூலி தரத் தெரியாதா?

தெரியாது என்றால், அடுத்த கோடைக்கான அறிவிப்பை இப்போதே அச்சடித்துவிடுங்கள். “நிழலும் மாதச் சம்பளமும் உள்ளோர் கனிவான கவனத்திற்கு” என்று தலைப்புப் போடுங்கள், நேர்மையாக இருக்கும். அதற்கு வெளியூர் அலைய வேண்டாம். நாட்டுக்கே காலண்டர் அடித்துத் தருகிற சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? அச்சுக்கூலியையாவது பாக்கி வைக்காமல் கொடுத்துவிடுங்கள்.