கழட்டிப் போட்டுரு அப்பு!

பானெட்டைத் தூக்கி முட்டுக்கம்பியை மாட்டுவதற்குள் பக்கத்தில் ஓர் அண்ணன் வந்து நின்றிருப்பார். காரைக்குடி செக்காலை ரோட்டில் எந்த இடத்தில் வண்டி நின்றாலும் சரி, எந்த நேரமானாலும் சரி. மடித்துக் கட்டிய வேட்டி, முதுகுக்குப் பின்னால் கோத்த கைகள். ஆவி போகிற திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து நிற்பதில் மட்டும் நல்ல தேர்ச்சி தெரியும். எஞ்சினை ஒரு பார்வை பார்ப்பார். தீர்ப்பு வந்துவிடும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுரு அப்பு."

மாருதி 800-க்கும் அதே தீர்ப்புதான், இன்னோவாவுக்கும் அதேதான். ஷோரூம் ரிப்பன் இன்னும் அவிழாத வண்டிக்கும் அதில் சலுகை கிடையாது. ஒருமுறை வண்டி சூடாகி நிற்கவில்லை, பேட்டரி இறங்கி நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், அதையும் கழட்டிப் போட்டுரு. பின்னாடி நல்லது" என்றார்.

"நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? வெள்ளைக்காரன் ஊர்ல பனி கொட்டுது, அவனுக்கு வேணும். இங்க சாவியைப் போடறதுக்கு முன்னாடியே எஞ்சின் பாதி வெந்துருது." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். வண்டிக்காரருக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டும்.

அந்த அப்பாவிச் சாமான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சின்ன உலோகக் குமிழ், உள்ளே மெழுகு. தண்ணீர் 82 டிகிரியோ 88 டிகிரியோ வண்டிக்கு வண்டி மாறும் ஒரு சூட்டைத் தொட்டதும் மெழுகு உருகிப் பெருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி அதைச் சீக்கிரம் பதத்துக்குக் கொண்டுவரும். சித்திரை வெயில் 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்காலம்தான். அது கேட்கிற சூடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கழற்றிப் போட்டால் வண்டி வெகுநேரம் சூடேறாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் இறங்கும், ஆயில் கெடும். இன்னொரு கூத்தும் உண்டு. சில எஞ்சின்களில் இதே தெர்மோஸ்டாட்தான் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றுகிற பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். சூடு குறைய வேண்டும் என்று கழற்றியது, சூட்டைக் கூட்டிவிட்டு நிற்கும்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. பர்மா தேக்குக் கதவையும் நிலையையும் பெயர்த்து முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்றுப் பழகிய ஊர் இது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கிற ஒரு விரற்கடைக் கதவைக் கழற்றச் சொல்வது அவருக்குப் பெரிதாகவா தெரியும்?

இந்த வைத்தியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். அவருடைய பெரியப்பா வீட்டு அம்பாசிடர், மார்க் ஃபோர். அதில் தெர்மோஸ்டாட் ஒருநாள் மூடியபடியே மாட்டிக்கொண்டது. திருப்பத்தூர் போகிற வழியில் யாரோ ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்தார். வண்டி மதுரை வரை கம்பீரமாகப் போயிற்று. அன்றைக்கு அது சரியான வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்பாசிடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. அந்த மருந்துச் சீட்டு மட்டும் இன்னும் செக்காலையில் செல்லுபடியாகிறது.

தெர்மோஸ்டாட்டுக்கு அடுத்தபடி தண்ணீர். கூலண்ட் என்று வாயெடுத்தால் சிரிப்பார். "பச்சைச் சாயத்தண்ணிக்குக் காசா? சம்பை ஊத்துத் தண்ணியை ஊத்து. மனுசன் குடிச்சாலே உள்ளுக்குள்ள குளிருது." சம்பை ஊற்றின் ருசிக்கு நானும் அடிமைதான். ஆனால் எஞ்சின் ருசி பார்த்தா குடிக்கிறது? ஊற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, அதில் இருக்கிற உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படியும், இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும். கூலண்டில் அரிப்பைத் தடுக்கிற சரக்கும் சேர்த்தே வருகிறது. துருவையும் அரிப்பையும்கூட ஆராய்கிற, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இதே ஊரில்தான் இருக்கிறது. அதன் வாசல் வழியாகத்தான் அண்ணன் தினமும் வாக்கிங் போகிறார்.

ஃபேனை எப்போதும் சுற்றும்படி டைரக்ட் பண்ணச் சொல்வது, ஏசி வாங்கியதே தப்பு என்பது, கலர் கறுப்பாக இருப்பதால்தான் சூடு என்பது இவையெல்லாம் உபரி.

எனக்கு எரிச்சல் அவருடைய பதிலில்கூட இல்லை. கேள்வியே கேட்க மாட்டேன் என்கிறாரே, அதில்தான். நல்ல மெக்கானிக் பானெட்டைத் தொடுவதற்கு முன்னால், "எங்க வச்சு சார் டெம்பரேச்சர் முள்ளு ஏறுச்சு?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் பாதி வியாதி பிடிபட்டுவிடும். செக்காலை நெரிசலில் ஊரும்போது ஏறி, பைபாஸ் ரோட்டில் காற்று வாங்கியதும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல்: மோட்டார், ரிலே, ஃபியூஸ். ஊருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் விரட்டும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்க வேண்டும். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் சில்லென்றே இருந்தால் அப்போது தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் புதிதாக மாற்றுவார்களே தவிர இடத்தைக் காலியாக விடமாட்டார்கள். சொட்டுக்கூடக் கீழே ஒழுகாமல் தண்ணீர் குறைந்து, புகை வெள்ளையாக வந்து, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அதன் பிறகும் ஓட்டினால் ஹெட் வளையும், லேத் பட்டறைக்குப் போகும். அந்தச் செலவில் வீட்டில் ஒரு விசேஷமே வைக்கலாம்.

இதுவரை சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வதில் சிரிப்பு இல்லை.

இந்த அண்ணன் எதையும் தன் கையால் தொடுவதில்லை. கோத்த கைகள் கோத்தபடியேதான் இருக்கும். "மூடியைத் தொறந்து தண்ணி ஊத்து" என்று எப்போதும் இன்னொருவரிடம்தான் சொல்வார். ஒருநாள் வாளித் தண்ணீர் கொண்டுவந்த டீக்கடைப் பையனிடம் சொன்னார். பெரியவர் சொல்கிறாரே என்று அவன் துணியைச் சுற்றித் திருகினான். ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய் கொதிநீரும் ஆவியுமாகப் பீறிடும். பையனின் முன்னங்கை வெந்துபோயிற்று. அண்ணன் இரண்டடி பின்னால், வேட்டியில் ஒரு துளி படாமல் நின்றார். தெரியாத வேலையை அடுத்தவன் கையால் செய்து பார்ப்பதற்குப் பெயர் உதவி இல்லை அண்ணே. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் என்பதாவது காசோடு போகும். கை அப்படி இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பையனைத் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். மருந்துக்குப் பணம் கொடுத்தவரும் அவர்தான். வண்டி நின்றவரை நடுரோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மனசு அவருக்குக் கிடையாது. கார் நகர்கிற வரை தானும் நகரமாட்டார். இரண்டு டீ வாங்கிக் கொடுப்பார்.

ஆகவே அவரை விரட்டாதீர்கள். வண்டி சூடேறினால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது எதையும் தொடாதீர்கள். மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுவிட்டு, அண்ணனிடம் பெரியப்பா அம்பாசிடரைப் பற்றி மெதுவாக எடுத்துக் கொடுங்கள். பாகனேரியிலிருந்து பெண் அழைத்து வந்தது, ஏற்றத்தில் பத்துப் பேர் தள்ளியது, மதுரைவரை முள் அசையாமல் போனது என்று ஒவ்வொன்றாக வரும். நன்றாகச் சொல்வார், நடுவில் நிறுத்தவும் மாட்டார். மூடியைத் திறக்கலாம் என்கிற அளவுக்கு எஞ்சின் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அந்தக் கதைக்கும் அவ்வளவு நேரம் ஆகும்.