யார் அமுக்கினது?

கணிப்பொறியின் மேல் போர்த்தியிருக்கும் பூப்போட்ட உறையை இரண்டு விரல்களால் தூக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வதற்கு முன்பாகவே, வீட்டில் உள்ள சகலரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "யார் அமுக்கினது?" என்று எவர் கேட்கிறாரோ அவர்தாம் குடும்பத்தின் கம்ப்யூட்டர் நிபுணர். அவர் படித்தது சிவில் இஞ்சினீயரிங். ஜீவனம் சிமெண்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவில். ஆயினும் ஒரு கல்யாண வீட்டில், ஊமையாய்க் கிடந்த கணிப்பொறியின் ஸ்பீக்கர் ஒயரைச் சரியான துளையில் செருகிப் பாட வைத்தார் என்ற பிரதாபம் பரவிய நாள் முதல், உறவினர் வீடுகளில் எந்தப் பெட்டிக்கு எந்த உபாதை வந்தாலும் அவருக்கே சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி வீடுகள்தோறும் கோலோச்சிய காலத்தில் இவருடைய கீர்த்தி உச்சத்தில் இருந்தது. இண்டர்நெட்டைத் திறந்தால், நாம் வைத்த முதல் பக்கம் போய், கேள்விப்படாத ஏதோ ஒரு தேடுதளம் வந்து நிற்கும். அதை மாற்றிவிட்டு மறுபடி மெஷினைப் போட்டால் மறுபடியும் அதுவே நிற்கும். ஒன்றையும் திறக்காத போதே விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குதிக்கும். இவை போதாவென்று, கடிகாரத்தின் ஓரத்திலிருந்து ஒரு எச்சரிக்கை, "உங்கள் கணிப்பொறியில் ஸ்பைவேர் புகுந்திருக்கிறது, பணம் கட்டினால் அகற்றித் தருகிறோம்" என்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும்; கத்துவதே அந்த ஸ்பைவேர்தான் என்பது பணம் கட்டிய பிறகு தெரியவரும்.

இவற்றையெல்லாம் நிபுணர் ஒரு பார்வையில் கிரகித்துக்கொள்வார். ஆனால் கீபோர்டில் கை வைக்க மாட்டார். முதலில் விசாரணை.

"சித்தப்பா, நீங்க கடைசியா என்ன பார்த்தீங்க?"

"ரயிலுக்கு டிக்கெட் இருக்கான்னு பார்த்தேம்ப்பா. அப்புறம் பேப்பர்."

"டிக்கெட் மட்டும்தானா?"

அந்த 'மட்டும்தானா'வில் தொனிக்கும் சந்தேகம், நாற்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து அப்பழுக்கில்லாமல் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை, தாம் செய்யாத எதையோ செய்துவிட்டோமோ என்று தம் மனச்சாட்சியையே துழாவ வைத்துவிடும். அவர் சாய்வு நாற்காலிக்குப் பின்வாங்கியதும் சித்தியின் முறை வரும். ஏதோ பரிசு விழுந்திருப்பதாக ஒரு கட்டம் வந்தது என்றும், அதை நம்பாமல் தாம் உடனே மூடிவிட்டதாகவும் சித்தி கொஞ்சம் பெருமையோடேயே வாக்குமூலம் அளிப்பார்.

"மூடினீங்கன்னா எப்படி? எக்ஸை அமுக்கினீங்களா, 'நோ'வை அமுக்கினீங்களா?"

"எக்ஸைத்தான்."

"ஹூம்" என்பார் நிபுணர்.

இந்த 'ஹூம்' என்பதற்குச் சித்தி எக்ஸை அமுக்கியது பிசகு என்று பொருளா, 'நோ'வை அமுக்கியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பொருளா என்பதை அவர் ஒருபோதும் விளக்குவதில்லை. விளக்கவும் இயலாது, ஏனெனில் அப்படிப்பட்ட கட்டங்களில் பலவற்றில் எக்ஸ், நோ, எஸ் என்பவை யாவும் வெறும் சித்திரங்கள், படம் முழுவதுமே ஒரே இணைப்பு, எங்கே தொட்டாலும் ஒரே கதவுதான் திறக்கும். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

காப்பி வந்து, சற்றே சிரமபரிகாரம் ஆனபின், இரண்டாம் அமர்வு. பையன் அழைக்கப்படுவான். பாட்டு இறக்கினாயா, கேம்ஸ் இறக்கினாயா, காசாவிலிருந்து இறக்கினாயா என்று அடுக்கிக் கேட்கப்படுவான். பாட்டுப் பகிர்ந்துகொள்ளும் காசா போன்ற இலவச நிரல்கள், கூடவே விளம்பர நிரல்களையும் அழைத்து வந்தன என்பது உண்மையே. ஆகையால் பையனின் முகம் வெளிறும்போது நிபுணரின் முகம் மலரும். பையன் சாதித்துவிட்டானானால், பொங்கலுக்கு வந்து தங்கிப் போன மதுரைக்காரர்கள் மீது சந்தேகம் திரும்பும். மதுரைக்குப் போன் போடப்படும். பெட்டியைத் தாங்கள் தொடவே இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள். இரண்டு குடும்பங்களுக்கும் இடையே அடுத்த பொங்கல் வரை நீடிக்கக்கூடிய ஒரு மனஸ்தாபத்துக்கு அஸ்திவாரம் போட்ட பிறகே, நிபுணர் கீபோர்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்.

தொழில் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். எஃப் 8 விசையைத் தட்டிச் சேஃப் மோடில் நுழைந்து, கருந்திரையின் நான்கு மூலைகளிலும் அவ்வெழுத்துகள் தோன்றியதும் அவருக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். நெதர்லாந்துக்காரரான மெரைன் பெல்லெகோம் எழுதிய ஹைஜாக்திஸ் என்னும் சிறு நிரலை ஓட்டி, அது கக்கும் பட்டியலை ஜாதகம் பார்ப்பவரைப் போல ஆள்காட்டி விரல் வைத்து வாசித்து, ஓ2 என்று ஆரம்பிக்கும் வரியில் பிரௌசரோடு ஒட்டிக்கொண்டதையும், ஓ4 என்று ஆரம்பிக்கும் வரியில் மெஷின் எழும்போதே கூட எழுவதையும் கண்டுகொள்வார். டாஸ்க் மேனேஜரில் ஒன்றை நிறுத்தினால் அதன் ஜோடி அதை எழுப்பிவிடும். ஜோடியை நிறுத்தினால் இது அதை எழுப்பிவிடும். இரண்டையும் ஒருசேர வீழ்த்த அவர் நள்ளிரவு தாண்டியும் தனியே உட்கார்ந்து போராடுவதைப் பார்க்கையில், விசாரணையின் கசப்பெல்லாம் மறந்து, பாவம், இன்னொரு தோசை வார்த்துக் கொடுக்கலாமே என்று சித்திக்கே தோன்றும். ஒரு பைசா வாங்க மாட்டார். சில சமயம் ஸ்பைவேரைப் பிடுங்கும் வேகத்தில் இண்டர்நெட்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். அது வேறு கதை.

ஆனாலும் மனத்தில் உள்ளதைச் சொல்லித் தீர வேண்டும். வயதானவர்களை நிற்க வைத்து இப்படிக் கேட்பது நியாயமே அல்ல. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வரும் வரையில், எந்த இணையப் பக்கமும் "இதை நிறுவட்டுமா?" என்ற கட்டத்தை நேராக முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது. அக்கட்டத்தை அப்படி நிறுத்த அனுமதித்தவர்களை யார் விசாரித்தார்கள்? 2005 அக்டோபரில், விண்டோஸின் உள்ளமைப்பைப் பற்றிப் புத்தகமே எழுதிய மார்க் ருஸ்ஸினோவிச் தம் சொந்தக் கணிப்பொறியைச் சோதித்தபோது, ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு நிரல் அகப்பட்டது. அது வந்தது, சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற ஓர் இசைத் தட்டின் வழியாக. அதை அவர் கையால் அகற்றப் போக, சிடி டிரைவே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போயிற்று. அதே நிறுவனத்தின் வேறு சில தட்டுகளில் இருந்த மீடியாமேக்ஸ் என்னும் நிரலோ, நிபந்தனைகள் வேண்டாம் என்று மறுத்தவர்களின் கணிப்பொறியிலும் தன் கோப்புகளை விட்டுச் சென்றது. ருஸ்ஸினோவிச்சைக் கூப்பிட்டு, "எக்ஸை அமுக்கினீங்களா, நோவை அமுக்கினீங்களா?" என்று நம் நிபுணர் கேட்பாரா? கேட்க மாட்டார். சித்தியைத்தான் கேட்பார், சித்திதான் எதிரே நிற்கிறார், பதிலும் சொல்கிறார், காப்பியும் கொடுக்கிறார்.

விடிகாலையில் எல்லாம் முடிந்து, பழைய முதல் பக்கம் பழையபடி வந்து நிற்கும். நிபுணர் உறையைத் தம் கையாலேயே போர்த்தி, அதன் நான்கு முனைகளையும் இழுத்து விட்டு, "இனிமே யாரும் எதையும் தொடாதீங்க" என்று பொதுவாக ஒரு கட்டளை பிறப்பிப்பார். சித்தப்பா தலையசைப்பார். பையன் எப்போதோ தூங்கிவிட்டிருப்பான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்குகிறவரிடம், வெள்ளிக்கிழமைதோறும் தாம் பெட்டியைத் துணியால் துடைப்பது வழக்கம் என்றும், அதற்காவது தடையில்லையே என்றும் சித்தி பயந்து பயந்து கேட்பார்.

நிபுணர் நின்று, சாவகாசமாக யோசித்து, "பவரை ஆஃப் பண்ணிட்டுத் துடைங்க சித்தி. ஆனா கீபோர்டுப் பக்கம் போக வேண்டாம்" என்பார்.