செத்துச் செத்து விளையாடுவது எப்படி?

நாட்டிங்ஹாமில் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு மேலாளரின் கார் டிக்கியில் ஒரு கோடரியும் இரண்டு வாள்களும் பச்சை நிறத்தில் ஒரு தலையும் இருந்தன. ஒரு பஸ் டிக்கெட்டுக்கு இரண்டு நகல் கேட்கிற மனிதர் அவர். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் இரு பக்கமும் நோட்டம் விட்டு, குரலைத் தாழ்த்தி, "லார்ப்" என்றார். எத்தனை நாளாக இந்த வியாதி என்று கேட்க வாயெடுத்தவன், அந்தத் தலையை மறுபடி பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

வியாதிதான். ஒட்டிக்கொள்ளும் வகை. வார நாட்களில் வாட் வரி பார்க்கிறவர்கள் சனி, ஞாயிறில் காட்டுக்குப் போய் ஒருவர் மந்திரவாதி, ஒருவர் குறுநில மன்னர், ஒருவர் வழிப்பறிக்காரர் என்று வேஷம் கட்டுகிறார்கள். அந்த ஆளாகவே சாப்பிட்டு, சதி செய்து, சண்டை போட்டு, கூடாரத்தில் தூங்கி, திங்கட்கிழமை வாட் வரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். 'லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளே' என்பதன் சுருக்கம்தான் லார்ப். கதை உண்டு, வசனம் எழுதித் தருவது கிடையாது. தெருக்கூத்தில் ஆடுகிறவர்கள் பத்துப் பேர், பார்க்கிறது ஊர். இங்கே பார்க்க ஒருத்தரும் இல்லை, ஊரே ஆடுகிறது.

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, "வாளை உருவுகிறேன்" என்று வாயால் சொன்னால் போதும், உருவியதாக அர்த்தம். உட்கார்ந்தபடி வாள் உருவுவது எல்லோருக்கும் போதவில்லை. 1977-ல் மாயக்கதை எழுத்தாளர் டால்கீனின் பைத்தியங்கள் சிலர் மேரிலாண்ட் பக்கம் 'டாகோர்ஹிர்' என்ற பெயரில் நுரை வாள்களோடு நிஜமாகவே மோத ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் பிள்ளையார் சுழி போட்டது 1982-ல், செஷயரில் உள்ள பெக்ஃபர்டன் கோட்டையில் நடந்த 'டிரெஷர் டிராப்'. பணம் கட்டிவிட்டு உள்ளே போய், இருட்டில் பூதங்களோடு மல்லுக்கட்டி, புதையலோடு வெளியே வர வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கோட்டைதான். பார்த்தால் நார்மன் மன்னர் யாரோ கட்டியது மாதிரி அகழியும் கொத்தளமுமாக நிற்கும். கட்டியது 1840-களில். ஊரில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, விக்டோரியா காலத்துப் பெரும் நிலக்கிழார் ஒருவர் தனக்கும் ஒரு பழங்காலக் கோட்டை வேண்டுமென்று ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது. வேஷக்காரர்கள் போய்ச் சேர்ந்த கோட்டையும் வேஷம் கட்டிய கோட்டைதான் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'டிரெஷர் டிராப்' தொடங்கிய அடுத்த வருஷமே டர்ஹாம் பல்கலைக்கழக மாணவர்கள் அதே பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று ஜெர்மனியில் புரோக்கெலோ என்ற கிராமத்துப் பக்கம் கோடையில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் படை நடத்துகிறார்கள்.

மேலாளர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி, "வீரனாக வராதீர்கள். அரக்கனாக வாருங்கள்" என்பது. வீரனுக்குக் கட்டணம் அதிகம். உடை தைக்க வேண்டும், குலம் கோத்திரம் கற்பனை செய்ய வேண்டும். இத்தனையும் செய்து கிடைப்பது ஒரே ஓர் உயிர். வெள்ளிக்கிழமை ராத்திரியே அது போய்விட்டால் அந்தப் பாத்திரம் அவ்வளவுதான். கூடாரத்தில் உட்கார்ந்து வேறு ஆளை யோசிக்க வேண்டியதுதான். அரக்கனுக்கோ கட்டணம் சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. உடுப்பு அவர்களே தருவார்கள். எத்தனை தடவை செத்தாலும் வேலி மறைவுக்குப் போய்த் திரும்பி வரலாம். ஆட்டத்தின் விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செத்துத் தெரிந்துகொள்வது சுலபம்.

வீட்டில் சொன்னேன். "பொங்கல் விழா நாடகத்துல ஒரு சேவகன் வேஷம் போடுங்கன்னு கூப்பிட்டதுக்கு வெக்கமா இருக்குன்னீங்க. இப்ப காட்டுக்குப் போயி பூதமா நடிக்கப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "வேஷத்துக்குப் பெருசா செலவிருக்காது, விடுங்க" என்றும் சொன்னாள். எந்த அர்த்தத்தில் என்று நான் விசாரிக்கவில்லை.

டெர்பிஷயரில் ஒரு சாரணர் முகாம். போய் இறங்கியதும் ஆயுதப் பரிசோதனை. இதை ஏதோ சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. வாளின் நடுவில் ஃபைபர்கிளாஸ் அல்லது கார்பன் ஃபைபர் தண்டு, அதைச் சுற்றி அடர்த்தியான நுரை, அதன் மேல் லேடெக்ஸ் பூச்சு, பளபளக்கும் வெள்ளி நிறம். ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் இரும்புதான். நுனியில் மட்டும் தண்டு இருக்காது, வெறும் நுரை. அதனால் வீசலாம், குத்தக் கூடாது. குத்திக் குத்தி நுரை கிழிந்தால் தண்டு வெளியே வந்து கண்ணைப் பதம் பார்த்துவிடும். பரிசோதிக்கும் அம்மாள் ஒவ்வொரு வாளையும் வில்லாக வளைத்து, நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்டு தட்டுப்படுகிறதா என்று கண்ணை மூடித் தடவிப் பார்த்தார், மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்குகிற நிதானத்தோடு. அம்புகளின் முனையில் உருண்டையாக நுரைப் பந்து. 30 பவுண்டுக்கு மேல் இழுவிசை உள்ள வில்லைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. தலையில் அடிக்கக் கூடாது. யாருக்காவது நிஜமாகவே காயம் பட்டால் "மேன் டவுன்" என்று கத்த வேண்டும். மன்னரோ மாயாவியோ அத்தனை பேரும் அப்படியே நிற்க வேண்டும்.

ஆனால் ஆட்டம் நிலைத்து நிற்பது இந்த விதிகளால் அல்ல. அடி பட்டதா என்று சொல்ல வேண்டியது அடி வாங்கியவன். இதுதான் ஆதார சுருதி. நடுவர்கள் இருக்கிறார்கள், ஆனால் புதருக்குள் முப்பது பேர் முட்டிக்கொள்ளும்போது யார் வாள் யார் முதுகில் பட்டது என்று எந்த நடுவர் பார்ப்பார்? சாமானிய அரக்கனுக்கு இரண்டு அடிதான் கெடு. மூன்றாவதாக வாங்கிக்கொண்டு நின்றால் தடுக்க ஆளில்லை. இருந்தும் எல்லோரும் ஒழுங்காகச் செத்தார்கள். தெருக் கிரிக்கெட்டில் மட்டையில் பட்ட சத்தம் மூன்றாவது தெரு வரை கேட்ட பிறகும் "படவே இல்லை" என்று சாதித்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது.

ஒழுங்காக என்றால் சும்மா விழுவதல்ல. நுரை வாளுக்கு எடையே இல்லை. நிஜ வாள் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடை இருப்பதாகப் பாவித்து, ஓங்கி வீசி, படுகிற நொடியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். மேளம் கொட்டுகிற மாதிரி தடதடவென்று தட்டுகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை. வாங்குகிறவனும் வலியைக் காட்ட வேண்டும். இந்த இடத்தில் தமிழ் சினிமா எனக்குக் கைகொடுத்தது. ஒரு வெள்ளைக்கார வீரன் தோளில் மெல்லத் தட்டியதும் நான் அரைச் சுற்றுச் சுற்றி, பின்னால் என்னைப் போலவே கோப்ளின் என்ற குட்டி அரக்கனாக நின்ற இன்னொருவரையும் சாய்த்துக்கொண்டு, பள்ளத்தில் உருண்டேன். வீரன் சண்டையை நிறுத்திவிட்டுக் கை தட்டினான்.

எம்.ஜி.ஆர். – நம்பியார் வாள்சண்டைகளிலிருந்து வந்த இன்னொரு பழக்கம் அவ்வளவாக எடுபடவில்லை. கவசம் போட்ட ஒருவரின் கையிலிருந்து வாள் நழுவி என் காலடியில் விழுந்தது. நிராயுதபாணியை அடிக்கக் கூடாதே. எடுத்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். வாங்கினார், வெட்டினார், போய்விட்டார். கோப்ளின்களுக்கு அவ்வளவு பண்பாடு கிடையாது என்று நடுவர் பிறகு காதோரம் சொன்னார்.

பிணமாக இருப்பதிலும் ஒரு நாகரிகம் உண்டு. சண்டை நகர்ந்த பிறகு ஈரப் புல்லில் கிடந்தேன். ரப்பர் முகமூடிக்குள் வேர்வை காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீல அங்கி போட்ட ஒரு மந்திரவாதி அம்மாள் என் பக்கத்தில் மண்டியிட்டு, "உன் உடலைச் சோதனை போடுகிறேன்" என்றார். அவர் என் சட்டைப் பையில் கை விட மாட்டார், முறையல்ல. அதனால் பிணமாகிய நானே கையை விட்டுத் துழாவி இரண்டு செப்புக் காசுகளை எடுத்துக் கொடுத்தேன். "நன்றி" என்றார். பிணமும் "பரவாயில்லைங்க" என்றது. பிறகு, நான் இப்போது ஆட்டத்தில் இல்லை என்பதற்கு அடையாளமாக ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டு, போரிடும் இரு படைகளுக்கும் நடுவே நடந்து வேலி மறைவுக்குப் போனேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. விரலை உயர்த்தியவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். இந்த விரல் அலுவலகத்திலும் செல்லுபடியானால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சண்டைகூடக் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் கூட்டம். ஆமாம், மீட்டிங்! எல்லைத் தகராறுக்கு ஒரு சபை, தானியக் கையிருப்புக்கு ஒரு சபை, முந்தைய சபையின் முடிவு செல்லுமா என்று விவாதிக்க ஒரு சபை. தூதுவர் வேஷத்துக்கு ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டு, பாத்திரத்துக்குப் பெயர் கேட்டார்கள். அவரவர் மாதக்கணக்கில் யோசித்து உயிரெழுத்தே இல்லாத பெயர்களாக வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். "தெற்கு நாட்டு மாடசாமி" என்று கட்டியக்காரர் முழங்க, சபையே எழுந்து நின்றது. தலைமை இருக்கைக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டு அங்கியில் அந்த நாட்டின் பொக்கிஷதாரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர். ஐந்து நாள் கணக்குப் பார்த்த மனிதர் காட்டுக்கு வந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மறுபடி கணக்கே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்த கப்பத்துக்கு ரசீது கேட்டார்.

சாப்பாட்டில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அது இருந்த நீல பிளாஸ்டிக் டப்பாவைத்தான் துணி போட்டு மூடச் சொன்னார்கள். பிளாஸ்டிக் கண்ணில் பட்டால் கற்பனை கலைந்துவிடுமாம். பக்கத்திலிருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டிக்கு நேர்மாறான வரவேற்பு. குள்ளர் குலக் கொல்லர்களின் வேலைப்பாடு என்று முடிவு கட்டி, ஒருவர் அதற்கு நாற்பது வெள்ளிக் காசு விலை பேசினார். வீட்டுக்குத் திரும்பி நாற்பது வெள்ளிக் காசை நீட்டினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். விற்கவில்லை.

யாருக்காவது ஆசை பிறந்திருந்தால்: முதல் தடவையே வாள் வாங்காதீர்கள், எல்லோரும் இரவல் தருவார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள். மேலங்கி கம்பளியில் இருக்கட்டும்; பட்டு பொக்கிஷதாரர்களுக்கு. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். அரக்கனாகப் போங்கள். மாற்றுச் சாக்ஸ் மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சனிக்கிழமை ராத்திரி மழை பெய்யும்.