விசாரிப்பு அண்ணாச்சி

காரியாபட்டியில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டீக்கடையில் "சீனி இல்லாம ஒண்ணு" என்று சொன்னால் போதும், மாஸ்டர் காரணம் கேட்பதில்லை. பிரஷர், மூட்டுவலி, மூலம், கல்லடைப்பு எல்லாவற்றுக்கும் ஊரில் சொந்தபந்தம் உண்டு. யாராவது ஒரு சித்தப்பாவுக்கோ கொழுந்தியாளுக்கோ இருந்தே தீரும். ஆனால் ஊர் கேள்விப்படாத நோய் ஒன்றோடு நீங்கள் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கினால், விசாரிப்பு அண்ணாச்சியிடமிருந்து உங்களைக் காப்பாற்ற எந்தச் சாமியாலும் ஆகாது.

அவரைத் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்குறிச்சியில் ஒருவர், ஆவியூரில் ஒருவர், மல்லாங்கிணற்றில் தெருவுக்கு ஒருவர் என்று இந்தப் பக்கம் நெடுகிலும் இருக்கிறார்கள். வயது அறுபதுக்கு மேல். பையன் திருப்பூரில், மகளைச் சிவகாசியில் கட்டிக் கொடுத்தாயிற்று. பேப்பரை வரி விளம்பரம் வரை வாசித்து முடித்தால் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். மீதி நாள் முழுக்க விசாரிக்கப்படாமல் அப்படியே கிடக்கும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

என் அக்கா மகளுக்கு ரத்தம் ஊறவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் ஹீமோகுளோபின் இருந்த இடத்திலேயே இருந்தது. மதுரையில் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுச் சிறுகுடலில் துளி சதை கிள்ளிப் பார்த்து, சீலியாக் என்றார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். இதைத் தீர்க்க மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

செய்தி எட்டிய மறுநாளே அண்ணாச்சி வந்தார். வெறுங்கையை வீசிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வருகிறவர் இல்லை அவர். ஒரு ஹார்லிக்ஸ், ஒரு பிரட், நாலு பாக்கெட் பிஸ்கட். ஹார்லிக்ஸில் பார்லியும் கோதுமையும். மற்ற இரண்டும் மைதா. ஆகாததை எல்லாம் இத்தனை கச்சிதமாக ஒரே பையில் சேர்க்க ஜென்ம விரோதியாலும் முடியாது.

"என்ன தாயி, இப்படி எளச்சுப் போயிட்ட?"

அவள் பொறுமையாக விளக்கினாள். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப பரோட்டா?"

"ஆகாது தாத்தா."

"விருதுநகர் எண்ணெப் பரோட்டா?"

"அதுவும் மைதாதான் தாத்தா."

"எண்ணெயிலதான் பொரிச்சுருறாய்ங்கள்ல, அதுல எல்லாம் செத்துராதா?"

குளூட்டன் கிருமி அல்ல, பொரித்தாலும் சாகாது என்றாள். ஒரு கிலோ பண்டத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே, குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சடிக்க இந்தியாவில் அனுமதி இல்லை என்றும் சொன்னாள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டில் துக்கம் நடந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு அடுக்கடுக்காகக் கேள்விகள். தொக்கம் எடுத்துப் பார்த்தீர்களா? சின்ன வயதில் சாக்பீஸ் தின்றாளா? பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது கண் வைத்தார்களா? டாக்டர் சொன்னாரா, நீங்களாகப் போனைப் பார்த்துச் சொல்கிறீர்களா? கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கட்டிக் குடுக்க வேண்டிய புள்ள. வெளிய மூச்சு விட்றாதீக" என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போனபோது மாஸ்டர் கேட்டார்: "மருமகளுக்குப் பரோட்டா வியாதியாம்ல?"

எனக்குக் கொஞ்சம் வாசிக்கிற பழக்கம் உண்டு. அதை வைத்து அண்ணாச்சியை அடக்கலாம் என்று பார்த்தேன். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் மூன்று பகுதிகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் எதிர்ப்புரதம் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், தட்டில் விழும் கோதுமையின் அளவில்தான் பெரிய வித்தியாசம் என்றேன். அண்ணாச்சி அதில் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். "வடக்கத்தி வியாதியா! ரயிலே வராத காரியாபட்டிக்கு இது எப்படித் தம்பி வந்துச்சு?"

விடாமல் நெதர்லாந்துக்குப் போனேன். 1944–45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்துக்கொண்டன. முன்பிருந்தே கோதுமைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1950-இல் இதை ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன் 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் தேற்றினார். பழம் வந்த இடத்தில் ரொட்டி போனதுதான் குணம் என்பது அவருக்குத் தெரியாது. இவ்வளவும் சொல்லி முடித்தேன். மறுநாள் காலை வாசலில் ஒரு தார் நாட்டு வாழைப்பழம் இருந்தது. "அமெரிக்காக்காரனே சொல்லிட்டான்லத்தா, தின்னு."

உண்மையில் இந்த நோயோடு வாழ இதைவிடத் தோதான ஊர் கிடையாது. இட்லி, தோசை, கம்பு, சோளம், குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. சாத்தூர் காராச்சேவு கடலை மாவு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லமும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி. அவளுக்குச் சாப்பாட்டால் வந்த கஷ்டம் குறைவு. ரவா கேசரியையும் சேமியா பாயசத்தையும் வேண்டாம் என்று சொன்னதும் பந்தியே கரண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறதே, அதுதான் கஷ்டம்.

சமாளிக்க அவளும் பலவிதமாக முயன்றாள். அலர்ஜி என்றாள், அரிக்குமா, தடிக்குமா என்று கையைப் பிடித்துப் பார்த்தார்கள். டயட் என்றாள்; மதுரைக் காலேஜுக்குப் போய்த் திமிர் ஏறிவிட்டது என்றார்கள். கடைசியில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டுதல், கோதுமை தொடுவதில்லை என்றாள். அத்தனை வாயும் அடைத்தது. பரிமாறுகிறவர் பூரித் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி ஒருவர்தான் விடவில்லை.

"எத்தன வருசத்துக்குத்தா நேந்திருக்க?"

"ஆயுசுக்கும் தாத்தா."

"அம்புட்டுக்கு என்னத்தா கேட்ட, அந்தத் தாய்கிட்ட?"

இத்தோடு அவரைத் திட்டி முடித்திருப்பேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அவளுக்கு வயிறு அவ்வப்போது கலங்கியது. எங்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் அண்ணாச்சி மூச்சிரைக்க வந்தார். கையில் பெருங்காய டப்பா. பலசரக்குக் கடையில் உட்கார்ந்து, பொழுது போகாமல், ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் கண்ணாடி போட்டு வாசித்திருக்கிறார்.

"கூட்டுப் பெருங்காயம்னு போட்டுருக்கானே, எதோட கூட்டு? பாரு தம்பி, மைதா!"

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு உண்டு. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு என்று தினமும் அவளுக்கு அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அக்கா அவருக்குத் தன் கையால் காபி ஆற்றிக் கொடுத்தாள். அது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து அண்ணாச்சி இந்த வியாதிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

போன தையில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம். இவள் பந்தியில் ஓர் ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் இலை முன் உட்கார்ந்துவிட்டாள். சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது: "மூணாவது வரிசையில மஞ்சச் சுடிதார் போட்ட புள்ளைக்கு ரசம் ஊத்தாதீக! குடலுக்கு ஆகாது! வேண்டுதல் வேற!"

மண்டபமே எட்டிப் பார்த்தது. நான் உள்ளே ஓடினேன். அண்ணாச்சி சமையல் மாஸ்டரை மடக்கி வைத்துப் பெருங்காய டப்பாவின் எழுத்தை விரலால் ஓட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்குங்கூடப் பரோட்டா தின்னா ரெண்டு நாளைக்கு வயிறு ஊதிக்கிட்டே கெடக்கு..."

அண்ணாச்சி என்னை மறந்தார், இவளை மறந்தார். ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் அமர்ந்துகொண்டு கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இப்படி உக்காருப்பா. எத்தன நாளா?"

வெளியே வந்தேன். அவள் இரண்டாம் தடவை மோர் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.